ஏழுகுன்றத்தில் ஒற்றை நாற்காலி

நெமிலி
30.7.2025

அடி ஷர்மிளா,

பிள்ளை பெற்றவளுக்குக் கடிதம் போடக்கூடாது என்று எப்போது சட்டம் கொண்டுவந்தீர்கள்? நான் இங்கே அம்மா வீட்டில் பத்தியச் சாப்பாடும் பூண்டுக் குழம்புமாகச் சிறையில் கிடக்கிறேன். மகளுக்கு இன்றோடு இருபத்து நான்கு நாள். அழுகையில் நம் லைன் சூப்பர்வைசரைத் தோற்கடிப்பாள்.

நேற்று என் தம்பி பரணிதரன் நம் பழைய சட்ட நோட்டைப் பார்த்துவிட்டான். "இன்னாக்கா இது? ஏழுகுன்றம், இரட்டைத் தலைவி, பின்சீட்டு சபை?" என்று சிரித்தான். நானும் பொறுமையாக விளக்கினேன். நாட்றம்பள்ளியிலிருந்து ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பஸ்ஸில் நாற்பத்து நான்கு பெண்கள். ஜன்னல் வழியே எண்ணினால் ஏழு குன்று. அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு படித்த ஒருத்தி, வேறு யார், நான்தான், ரோமாபுரிப் பாடத்தைக் கொஞ்சம் அப்படி இப்படி மாற்றிக் கதையாகச் சொல்ல ஆரம்பித்தேன். அங்கே ஓநாய் வளர்த்த அண்ணன் தம்பி, இங்கே எருமை வளர்த்த அக்கா தங்கை. ராஜா கிடையாது. வருடத்துக்கு இரண்டு தலைவிகள். ஒருத்தி சொல்வதை இன்னொருத்தி தடுக்கலாம். சபையில் யாராவது பொய் சொன்னால் ஆறு மேற்கே திரும்பி ஓடும். "பாலாத்துல தண்ணி வந்தாத்தான திரும்புறதுக்கு" என்கிறான் அவன்.

ஓட்டுப் போடும் முறையை மட்டும் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டான். கம்பெனியின் கட்டிங் பிரிவில் வெட்டி விழும் தோல் துண்டு ஆளுக்கு ஒன்று. பளபளப் பக்கம் மேலே இருந்தால் சரி, சொரசொரப் பக்கம் மேலே இருந்தால் வேண்டாம். ஜன்னலை மூடிக்கொண்டு அவித்த முட்டை தின்றவளுக்கு ஒரு நாள் நாடுகடத்தல். அன்றைக்கு முழுக்க அவளோடு யாரும் பேசக்கூடாது, அவள் பெயரைக்கூடச் சொல்லக்கூடாது. மறுநாள் அவள் எல்லோருக்கும் முறுக்கு வாங்கித் தந்தால் மறுபடி குடிமகள். "இதயெல்லாம் போன்ல பேசிக்க மாட்டீங்களா?" என்றான். போன வருடம் வாட்சப் குரூப்பில் பேசியது அப்படியே ஹெச்.ஆர். மேசைக்குப் போய், இரண்டு பேர் மெமோ வாங்கியதைச் சொன்னேன். அன்றிலிருந்து எல்லாம் பேப்பரில்தான் என்றேன்.

சரி, விஷயத்துக்கு வா. பாத்ரூம் டோக்கன் மனு என்னாயிற்று? டோக்கன் கையில் இருந்தால்தான் பாத்ரூம், அதுவும் முப்பது பேருக்கு ஒன்று என்ற அநியாயத்தை இந்த மாதமாவது கேட்டுவிட வேண்டும். எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்றா? ஜாஸ்மின் முத்து முத்தாக எழுதித் தந்த வரைவுப் பிரதி என்னிடம்தான், யாரும் கைவைக்காத இடத்தில் இருக்கிறது. கவலைப்படாதே.

உன் சக தலைவி,
சங்கீதா


நாட்றம்பள்ளி
5.8.2025

அன்புள்ள சங்கீதா,

கர்த்தர் கிருபையால் நீயும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள். நான் உடனே எழுதாததற்குக் காரணம் இருக்கிறது.

மனு நாம் கொடுப்பதற்கு முன்பே ஹெச்.ஆருக்குத் தெரிந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை ஜாஸ்மினை மட்டும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தாள். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "இன்னாடி கேட்டாங்க?" என்றால், "ஒண்ணும் இல்லக்கா" என்கிறாள். மறுநாளே ஒவ்வொரு லைனிலும் வந்து, மனு கினு என்று யாராவது கிளம்பினால் வேலை போய்விடும் என்று மிரட்டிவிட்டுப் போனார்கள். நீயே சொல். உள்ளே போனது ஒருத்தி, வெளியே வந்தது நம் ரகசியம்.

பஸ்ஸில் எல்லோரும் பயந்துபோய்விட்டார்கள். ஆளுக்கு ஒன்று பேசினார்கள். நீ சொன்ன கதையில் ஒன்று வருமே, எதிரி கோட்டை வாசலுக்கு வந்துவிட்டால் இரண்டு தலைவிகளும் விலகி, ஒருத்தியை மட்டும் முப்பது நாளைக்கு ஒற்றை நாற்காலியில் உட்கார வைப்பார்கள் என்று. நீயோ ஊரில் இல்லை. ஓட்டெடுத்து என்னை உட்கார வைத்தார்கள். நானாக ஆசைப்படவில்லை.

நேற்று ஜாஸ்மினை நாடுகடத்தினோம். நாற்பத்திரண்டு துண்டில் முப்பத்து மூன்று பளபளப் பக்கம். முப்பது நாள். துரோகத்துக்கு ஒரு நாள் போதாது என்று எல்லோருமே சொன்னார்கள். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். விலக்கப்பட்டவளுக்குப் பேச்சு இல்லை என்று நான் சொல்லிவிட்டேன். அதன் பிறகு பேசவில்லை. உண்மையானவளாக இருந்தால் சண்டை போட்டிருப்பாளே.

உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். ஆனால் இங்கே இருப்பது நான்.

ஷர்மிளா


நெமிலி
9.8.2025

ஷர்மிளா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறையும் அதேதான் எழுதியிருக்கிறது.

முப்பது நாளா? முட்டை தின்றதற்கு விளையாட்டாகப் போட்ட தண்டனையடி அது. முறுக்கோடு முடிய வேண்டியது. அவளைப் பேச விடாமல் ஓட்டெடுத்தாயா? குற்றம் சாட்டியது நீ, தீர்ப்புச் சொன்னது நீ, துண்டை எண்ணியதும் நீயாகத்தான் இருக்கும். ஏழுகுன்றத்தில் எந்தக் கதையில் இப்படி நடந்தது? ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தவள் கடைசியில் ஆளில்லாத ஊரைத்தான் ஆண்டாள் என்பதையும் சேர்த்துத்தானே சொன்னேன். அது மட்டும் உன் காதில் விழவில்லையா?

ஆபீசுக்குள் போய்விட்டு வந்தாள் என்பது ஒரு சாட்சியா? கூப்பிட்டால் போகாமல் என்ன செய்வாள்? ஜாஸ்மின் நம் எழுத்தர். நம் சட்ட நோட்டில் பாதி அவள் எழுத்து. காட்டிக்கொடுக்க வேண்டுமென்றால் அந்த நோட்டையே தூக்கிக் கொடுத்திருப்பாள்.

சக தலைவி என்ற முறையில் தடுக்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பஸ்ஸில் படித்துக் காட்டு. அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வை.

சங்கீதா


நாட்றம்பள்ளி
21.8.2025

சங்கீதா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான்கு பேப்பரைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

உன் கடிதம் பதின்மூன்றாம் தேதியே வந்துவிட்டது. நான் படித்துக் காட்டவில்லை. சுதந்திர தினத்துக்கு லீவு, அப்புறம் ஞாயிறு. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம்தான் அது நடந்தது.

டோக்கன் எப்படிக் கைமாறும் என்று உனக்குத் தெரியும். போய்விட்டு வந்தவள் அடுத்தவளிடம் கொடுப்பாள். ஜாஸ்மின் லைனில் பாதிப்பேர் நம் பஸ். நாடுகடத்திய நாளிலிருந்து யாரும் அவள் கையில் டோக்கன் கொடுக்கவில்லை. கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. பேசக்கூடாது என்பதை அவர்கள் அப்படிப் புரிந்துகொண்டார்கள். அதனால் அவள் காலையிலிருந்து அடக்கிக்கொண்டு, ஷிப்ட் முடிந்த பிறகுதான் பாத்ரூம் போவாள். பிறகு பஸ்ஸுக்கு ஓடி வருவாள். இரண்டு வாரமாக ஓடி வந்துதான் ஏறினாள்.

திங்கட்கிழமை இன்னும் தாமதம். டிரைவர் இருதயராஜ் அண்ணன் வழக்கம்போல, "எல்லாம் ஏறிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். ஒருத்தரும் பேசவில்லை. வண்டியை எடுத்தார். பக்கவாட்டில் யாரோ தட்டும் சத்தம். "யாரோ தட்ற மாதிரி கீதே. யாராச்சும் வரணுமா?" என்று மறுபடியும் கேட்டார். அப்போதும் பேசவில்லை. பெயரைச் சொல்லக்கூடாதே. ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கேட் பக்கத்து வேகத்தடையில் கால் இடறி விழுந்தாள். பின்சக்கரம் இடது பாதத்தில் ஏறிவிட்டது.

அவள் கத்திய பிறகுதான் நாங்களும் கத்தினோம்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். இருதயராஜ் அண்ணனை, பார்க்காமல் வண்டி எடுத்தார் என்று சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். நான் சாப்பிட்டு மூன்று நாளாகிறது.

ஷர்மிளா


நெமிலி
24.8.2025

ஷர்மிளா,

உன் கடிதத்தைப் படித்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். அம்மா என்னவோ ஏதோ என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

நாற்பத்திரண்டு பேர். எல்லோரையும் எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். யாருக்கு எந்தக் குழம்பு பிடிக்கும், யார் வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்பது வரைக்கும் தெரியும். அதில் ஒருத்திகூட "நில்லுங்கண்ணா" என்று சொல்லவில்லையா? ஒன்பது பேர் சொரசொரப் பக்கம் போட்டார்களே, அவர்களுமா?

எல்லோரும், நாங்கள், அவர்கள் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். இருதயராஜ் அண்ணன் கேட்டபோது நீ எங்கே உட்கார்ந்திருந்தாய்?

நான் கிளம்பி வருகிறேன் என்றால், பச்சை உடம்போடு எங்கே போகிறாய் என்று வீட்டில் கூச்சல். நீ போ. ஜாஸ்மினைப் போய்ப் பார். அன்றைக்கு அவள் சொல்ல வாயைத் திறந்தாளே, அது என்ன என்று கேள். கேட்டுவிட்டு ஒரு வார்த்தை விடாமல் எனக்கு எழுது.

சங்கீதா


நாட்றம்பள்ளி
31.8.2025

அன்புள்ள சங்கீதா,

நீ கேட்டதற்கு முதலில் பதில். தலைவி சீட்டில் உட்கார்ந்திருந்தேன், டிரைவருக்குப் பின்னால். இருதயராஜ் அண்ணன் உள்கண்ணாடியில் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் அந்தக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். இதை நான் பாவமன்னிப்புக் கேட்கும்போதுகூடச் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

ஜாஸ்மினைப் பார்க்க வெள்ளிக்கிழமை போனேன். வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். கட்டிலில் காலைத் தலையணை மேல் வைத்திருந்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். "வுடுக்கா, இப்ப அது இன்னாத்துக்கு" என்றாள். நான் விடவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மனதைக் கெட்டியாக வைத்துக்கொண்டு படி. முடிந்தால் குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படி.

"ஹெச்.ஆர். மேசைமேல ஒரு மஞ்ச ஃபைலு இருந்துச்சுக்கா. சங்கீதாக்கா லீவுக்குக் குடுத்த ஃபைலு. ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு உள்ள நம்ம மனு மடிச்சு இருந்துச்சு. நான் எழுதுனது. இது யார் எழுத்துன்னு அட்டெண்டன்ஸ் நோட்டெல்லாம் வச்சுப் பாத்து என்னக் கூப்ட்டாங்க. சங்கீதாதான் தூண்டிவுட்டாளா, ஆமான்னு எழுதிக் குடு, அவ லீவையே ரத்து பண்ணி வேலையவுட்டு அனுப்பறோம்னாங்க. நான் சொன்னேன், அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது, நான்தான் எழுதுனேன், ஃபைலு பாக்கச்சொல்லோ நானே அதுல வச்சு மறந்துட்டேன்னு. கடைசி வரைக்கும் அதேதான் சொன்னேன்."

"பஸ்ஸுல சொல்லியிருக்கலாமேடி" என்றேன்.

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நீ பேசக்கூடாதுன்ன. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். நாப்பது பேருக்குத் தெரிஞ்சா ஹெச்.ஆருக்குப் போக எவ்ளோ நேரம் ஆவும்? பச்ச ஒடம்புக்காரி. முப்பது நாள்தானன்னு வுட்டுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஷர்மிளா


நெமிலி
7.9.2025

ஷர்மிளா,

நீ சொன்னபடி குழந்தையை அம்மாவிடம் கொடுக்கவில்லை. படித்து முடித்தபோது அவள் மடியில் இருந்தாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பரணிதரன் வந்து தூக்கிக்கொண்டான்.

போனில் என் வீட்டுக்காரரைப் பிடித்துக் கேட்டேன். "நீதான ஃபைலக் குடுக்கச் சொன்ன? அப்படியே குடுத்தேன்" என்றார். அவர் மேல் தப்பில்லை. நம் போனை எல்லாம் சந்தேகப்பட்டுச் சட்டம் போட்டேனே, அந்தப் பெரிய மூளைக்காரி, ஸ்கேன் ரிப்போர்ட்டை எவன் பிரித்துப் பார்ப்பான் என்று அதற்குள் மனுவைச் செருகிவைத்தேன். பிறகு பிரசவ வலியில், லீவுக்குக் கொடுக்கச் சொன்னது அதே ஃபைல் என்பதை மறந்து, மனு பத்திரமாக இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு அவ்வளவு நீளமாக நியாயம் எழுதியபோதும், காட்டிக்கொடுத்த கை என் கைதான் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கடிதங்களை நீ கிழித்துப் போட்டுவிடு. நினைத்தாலே கூசுகிறது.

நேற்று யார் பேச்சையும் கேட்காமல் பரணிதரனைக் கூட்டிக்கொண்டு நாட்றம்பள்ளிக்கு வந்தேன். வேண்டுமென்றேதான் உன் வீட்டுக்கு வரவில்லை. நேராக ஜாஸ்மினிடம் போனேன். காலைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்துத்தான் போனேன். கட்டுப் போட்ட காலை எப்படிப் பிடிப்பது? கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "தெரியும்க்கா" என்றாள். பிறகு, "ஓடி வரச்சொல்லோ ஒவ்வொரு ஜன்னலாப் பாத்தேன். நீ இருந்திருந்தா வண்டிய நிறுத்தியிருப்ப" என்றாள்.

நான் "ஆமாண்டி" என்றேன்.

அது பொய், ஷர்மிளா. மார்ச் மாதம் சைராவை ஒரு நாள் நாடுகடத்தினோமே, அன்றைக்கு அவள் சாப்பாட்டுப் பையைச் சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கினாள். நான் பார்த்தேன். பெயரைச் சொல்லக்கூடாது என்று சும்மா இருந்தேன். அவள் பட்டினியாக வேலை பார்த்ததைச் சாயங்காலம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்தச் சட்டத்தை எழுதியது நான். அன்று தலைவி சீட்டில் நான் இருந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா? சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை. உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை.

ஹெச்.ஆருக்கு ரிஜிஸ்டர் தபாலில் எழுதிவிட்டேன். மனு என்னுடையது, ஃபைலில் வைத்ததும் நான், ஜாஸ்மின் சொன்னது எனக்காகச் சொன்ன பொய் என்று. லீவை ரத்து செய்தால் செய்யட்டும். வீட்டில் இதற்காக இரண்டு நாளாகச் சண்டை.

பதினைந்தாம் தேதி இருதயராஜ் அண்ணனுக்கு விசாரணை என்று ஜாஸ்மின் சொன்னாள். அவர் கேட்டார், இரண்டு முறை கேட்டார் என்பதை நான் எழுதிக் கொடுத்தால் செல்லாது. நான் அந்தப் பஸ்ஸில் இல்லை. இருந்தவர்கள் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அவர் கேட்டது உன்னை. அதனால் முதலில் நீ. என் கடிதத்தைப் பஸ்ஸில் படி, என் தப்பு எல்லோருக்கும் தெரியட்டும். பிறகு யார் வருகிறார்கள் என்று பார். ஓட்டெடுக்காதே.

சங்கீதா


நாட்றம்பள்ளி
17.9.2025

அன்புள்ள சங்கீதா,

உன் கடிதத்தை வெள்ளிக்கிழமை பஸ்ஸில் படித்தேன். வாணியம்பாடி வரைக்கும்தான் என்னால் படிக்க முடிந்தது. மீதியைச் சைரா வாங்கிப் படித்தாள். சாப்பாட்டுப் பை வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தினாள். அப்புறம் படித்தாள். உன்னைத் திட்டினவர்கள் உண்டு. என்னைத் திட்டினவர்கள் அதைவிட ஜாஸ்தி. ஜாஸ்மின் வீட்டுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஐந்தாறு பேர் வழி கேட்டார்கள். ஒரே பஸ்ஸில் மூன்று வருடம் வந்தும் தெரியாமல் இருந்திருக்கிறோம்.

விசாரணைக்கு என்னோடு பத்தொன்பது பேர் வந்தார்கள். மற்றவர்கள் வேலைக்குப் பயந்து வரவில்லை. நான் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை.

இருதயராஜ் அண்ணன் ஒரு ஓரமாக நின்றிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. நான் சொன்னேன், அண்ணன் இரண்டு தடவை கேட்டார், என்னைப் பார்த்தே கேட்டார், அவள் ஓடி வருவது எங்களுக்குத் தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை என்று. விசாரணை அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இருதயராஜ் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாளாகத் தன் காதுதான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "அப்ப கேட்டுச்சாம்மா உங்களுக்கு?" என்றார்.

அவரை வியாழக்கிழமையிலிருந்து வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். வந்த இருபது பேருக்கும் மெமோ. உன் லீவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஜாஸ்மின் இனிமேல் கம்பெனிக்கு வரமாட்டாள் என்று அவள் அம்மா சொன்னார்கள்.

ஒன்றுமட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த அதிகாரி எங்கள் எல்லோரையும் பார்த்து, "ஏம்மா, ஒருத்தர்கூடவா வாயத் தொறக்கல? இன்னா காரணம்?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எங்களுக்குள்ள ஒரு சட்டம் இருந்துச்சு சார்" என்றேன்.

"சட்டமா? எந்த ஊர்ச் சட்டம்?"

ஏழுகுன்றம் என்று வாய்வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அவர் ஒருவேளை சிரித்திருப்பார், விளையாட்டுப் பெண்கள் என்று விட்டிருப்பார்.

"அப்படி ஒரு ஊரே இல்ல சார்" என்றேன். "நாங்கதான்."

அவர் அதை எழுதிக்கொண்டார். நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஷர்மிளா